ஆயிரத்து நூறு லிட்டர் வெந்நீர்

பிப்ரவரி 3

வெந்நீர்த் தொட்டி வந்து இறங்கியது. குன்னூரில் மூடப்போகிற ஒரு விடுதியிலிருந்து கைமாறி வந்தது. நாலு பேர் உட்காரலாம். ஆயிரத்து நூறு லிட்டர் பிடிக்கும். பக்கவாட்டுச் சந்தில் நுழையவில்லை. பின்பக்க வேலியைப் பிரித்து ஏழு பேர் தூக்கி வந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே சிமெண்ட் மேடை போன வாரமே தயாராக இருந்தது.

மகள் மிருதுளா சக்கர நாற்காலியில் ஜன்னல் அருகே இருந்து பார்த்தாள். அவள் அம்மாதான், "இதுல எறங்கினா கண்ணு நடந்துருவாளாங்க?" என்று கேட்டாள். வெந்நீரில் தசை இறுக்கம் தளரும், உடம்பின் பாரம் குறையும், அதனால் பயிற்சி சுலபம் என்று பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா சொன்னதையே வளர்மதியிடம் திருப்பிச் சொன்னேன். நடப்பாள் என்று ஜெசிந்தா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

முப்பத்து நாலு வருடம் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவனுக்குப் பதிவு இல்லாமல் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது. இந்த நோட்டு அதற்குத்தான்.

பிப்ரவரி 4

ஆழ்குழாய்த் தண்ணீர் நிரப்பினேன். பளிங்கு மாதிரி இருந்தது. குளோரின் போட்டுப் பத்து நிமிடத்தில் மொத்தமும் பால் விடாத கட்டன் சாயா நிறத்துக்கு வந்துவிட்டது. இரும்புச் சத்து. முதலில் சோதித்திருக்க வேண்டும். திறந்துவிட்டேன். தோட்டத்துச் செடிகளுக்குப் போகாமல் சாக்கடைக்குத் திருப்பினேன்.

பிப்ரவரி 6

ஊற்றுத் தண்ணீர் லாரி வந்தது. கார அமில அளவு 7.4. குளோரின் 3. காரத்தன்மை 90. வெப்பம் 36 டிகிரி வர பதினொரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை மின்சாரம் போனது.

பிப்ரவரி 7

முதல் நாள். ஜெசிந்தா செவ்வாயும் வெள்ளியும் அரவங்காட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். அவரும் வளர்மதியும் மிருதுளாவைத் தூக்கி இறக்கினார்கள். வளர்மதி நைட்டியோடு தானும் உள்ளே இறங்கி மகளைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள். நான் மோட்டாரைப் பார்த்துக்கொண்டேன். அதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

இருபது நிமிடம். வலது கால் கட்டைவிரல் அசைந்ததாம். நான் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

பிப்ரவரி 8

7.4. குளோரின் 1. மூன்றுக்கு ஏற்றினேன்.

பிப்ரவரி 9

அதே.

பிப்ரவரி 17

காரத்தன்மைச் சோதனைக்குத் துளித் துளியாக மருந்து விட்டு எண்ண வேண்டும். பச்சை சிவப்பாக மாறும்போது எத்தனை துளி என்பதுதான் கணக்கு. ஐந்தாவது துளியில் இருந்தபோது, தொட்டிக்குள் மிருதுளா ஜெசிந்தாவிடம் விபத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். இதுவரை அதை அவள் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

போன செப்டம்பரில் திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் அவளும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பிற்பகல் மூன்று மணி. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி, கோத்தகிரிக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு வளைவில் காட்டெருமை குறுக்கே வந்தது. கார் தேயிலைச் சரிவில் உருண்டது. எல்லா இடத்திலும் இப்படித்தான் பதிவாகி இருக்கிறது.

மாடு நெற்றியில் வெள்ளையாக இருந்தது, இடது கொம்பு முனை உடைந்திருந்தது, தன்னையே பார்த்துக்கொண்டு நின்றது என்று மிருதுளா சொன்னாள். இப்போதும் கண்ணை மூடினால் அதன் கண் தெரிகிறதாம். அதனால்தான் அந்தச் சாலை வழியாகக் கீழே போக முடியவில்லையாம். கோவை மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் குன்னூர் சுற்றிப் போகச் சொல்வது அதற்குத்தானாம்.

துளி எண்ணிக்கை தவறிவிட்டது. குழாயைக் கழுவி மறுபடி முதலிலிருந்து செய்தேன். 90.

பிப்ரவரி 26

அந்த வளைவில் வனத்துறை பலகை வைத்திருக்கிறது. மஞ்சள் பலகை, கறுப்பு மாட்டுப் படம். காய்கறி வாங்கப் போன வளர்மதி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நம்மால் நாலு பேருக்கு நல்லது நடந்தால் சரி என்றாள்.

7.5. குளோரின் 3.

மார்ச் 7

நேற்று வடிகட்டி உருளை வாங்கக் கோவை போயிருந்தேன். அளவு எடுத்து எழுதச் சொல்லிவிட்டுப் போனேன். இன்று பார்த்தால் வளர்மதியின் கையெழுத்தில் 7.4, 3, 90. முந்தின நாள் வரியின் நகல். சோதனைக் குழாய்கள் நான் கவிழ்த்து வைத்தபடியே காய்ந்து கிடந்தன.

கேட்டேன். சமையலும் மிருதுளாவைத் துடைத்துவிடுவதுமாக நேரம் போய்விட்டது, தண்ணீர்தான் கண்ணாடியாக இருக்கிறதே என்றாள்.

"பார்க்கலைன்னா பார்க்கலைன்னு எழுது. பார்க்காததப் பார்த்த மாதிரி எழுதக் கூடாது."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. உள்ளே மிருதுளாவின் கணினியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. வேலை பார்த்த கட்டட வடிவமைப்பு அலுவலகத்துக்கு இப்போது வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுக் கொடுக்கிறாள். பாட்டு இல்லாமல் அவளுக்குக் கோடு ஓடாது.

மார்ச் 8

வளர்மதி பேசவில்லை. அளவுகள் சரி.

மார்ச் 21

ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறையாவது தண்ணீரை மாற்ற வேண்டும் என்று வடிகட்டி விற்ற கடைக்காரர் போனில் சொன்னார். கோடையில் ஊற்று லாரி கிடைப்பது கஷ்டம். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வாடை இல்லை, குளோரின் நிற்கிறது. குடிநீருக்கே நான் இவ்வளவு கேட்டதில்லை. மாற்றவில்லை.

ஏப்ரல் 4

மிருதுளா நின்றாள். தொட்டியின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் அம்மா இடுப்பைப் பிடிக்க, ஏழு விநாடி. இடுப்பு வரை தண்ணீர் இருந்தது. ஜெசிந்தா தொட்டிக்கு வெளியே குனிந்து அவள் முழங்காலையே பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு என்றதும் மிருதுளா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஏழு மாதம் ஆகிறது. வளர்மதி தண்ணீருக்குள்ளேயே அழுதாள்.

நான் மூடியின் பூட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 11

பயிற்சி நடக்கவில்லை. காலையில் முதுகு அரிக்கிறது என்று மிருதுளா சொல்ல, வளர்மதி சட்டையை விலக்கிப் பார்த்திருக்கிறாள். முதுகில் கொஞ்சம். இடுப்புக்குக் கீழே தொடை முழுக்கச் சிவந்த கொப்புளங்கள், சிலவற்றில் சீழ். அங்கே உணர்ச்சி குறைவு என்பதால் அவளுக்கே தெரியவில்லை. எத்தனை நாளாக இருக்கிறதோ. வளர்மதியின் விரல் இடுக்குகளும் வெடித்துத் தோல் உரிந்திருக்கின்றன. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

குளோரின் பார்த்தேன். 3. மறுபடி பார்த்தேன். 3.

ஏப்ரல் 12

டாக்டர் பார்த்த உடனே வெந்நீர்த் தொட்டி இருக்கிறதா என்றுதான் கேட்டார். சுத்தமாகாத வெந்நீரில் வளரும் கிருமி. சாதாரண ஆளுக்குப் பத்து நாளில் ஆறிவிடும். உட்கார்ந்தே இருக்கிறவர்களுக்குப் புண் பெரிதாகி உள்ளே இறங்கினால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டி வரும். அதற்குள் சேர்த்த பலமெல்லாம் போய்விடும் என்றார். மிருதுளாவுக்கு இரண்டு வாரம் தண்ணீர் கூடாது. உரிந்த விரல்களில் புதுத் தோல் கெட்டிப்பட வளர்மதிக்கு ஆறு வாரம்.

நான் தினமும் அளவெடுக்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டே, சரி என்றார்.

ஏப்ரல் 13

மார்ச் 6 வரியை வளர்மதியிடம் காட்டினேன். அன்று குளோரின் விழுந்திருக்கலாம், கிருமி அன்று பிடித்திருக்கலாம் என்றேன். அவள் விரல்களுக்குக் களிம்பு போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வரியைப் பார்த்துவிட்டு, "அப்ப என்னாலதானுங்களா?" என்றாள். நான் நோட்டை மூடினேன். களிம்பு மூடியைத் திருக முடியாமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தாள். எனக்கு ஒரு டம்ளர் மேசையில் இருந்தது. யாரும் உட்காரவில்லை.

ஏப்ரல் 17

குளோரின் இருந்தும் கிருமி எப்படி வளரும் என்று மூன்று நாளாக யோசித்து, கடைசியில் குளோரின் டப்பாவை எடுத்து முழுதும் படித்தேன். இரண்டரை மாதமாகத் தினமும் கையில் எடுக்கும் டப்பா. பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருக்கிறது. இந்தக் குருணையில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் இருக்கிறது. வெயிலில் குளோரின் ஆவியாகாமல் பிடித்து வைக்க. குளோரின் தினமும் செலவாகிவிடும். அமிலம் செலவாகாது, தங்கித் தங்கிச் சேரும். அளவு மீறினால் குளோரினைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். சோதனையில் 3 என்று காட்டும். கிருமி பக்கத்திலேயே வாழும்.

குடிநீரில் இந்த மருந்தை நாங்கள் தொட்டதில்லை. தண்ணீரைப் பற்றி ஒரு டப்பா எனக்கு என்ன சொல்லிவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 20

அமிலத்துக்கான சோதனைப் பெட்டி கோவையிலிருந்து பார்சலில் வந்தது. குழாயின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் எந்த இடத்தில் புள்ளி கலங்கி மறைகிறதோ அதுதான் அளவு. கொஞ்சம் ஊற்றியதுமே மறைந்துவிட்டது. பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி செய்தேன். 180. ஐம்பதைத் தாண்டக் கூடாது.

மார்ச் 6 அன்று வளர்மதி அளந்திருந்தாலும் 3 என்றுதான் வந்திருக்கும்.

சமையலறைக்குப் போய்ச் சொன்னேன். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது, தண்ணீரை மாற்றியிருந்தால் இது வந்திருக்காது என்றேன். அவள் தட்டைப்பயறு உரித்துக்கொண்டிருந்தாள். சரிங்க என்றாள். அடுத்த காயை எடுத்துக்கொண்டே, மகளிடமும் சொல்லிவிடுங்கள், அம்மாதான் காரணமோ என்று அவள் நினைக்கக் கூடாது என்றாள்.

ஏப்ரல் 21

நேற்று மாலை நடந்ததை இன்று எழுதுகிறேன்.

மிருதுளா குப்புறப் படுத்திருந்தாள். புண் காற்றாட அப்படி மூன்று மணி நேரம் இருக்க வேண்டும். நான் தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் முகம் தெரியும். அமிலம், டப்பா, எழுத்து, எல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். சிறு பிள்ளையில் அவள் சொன்ன பள்ளிக்கூடத்துக் கதைகளை நான் கேட்ட மாதிரி இருந்தது அவள் கேட்டது.

கடைசியில் கையை நீட்டி என் தோளில் வைத்தாள். "எல்லாத்தையும் எதுக்குங்கப்பா உங்க தலையிலயே போட்டுக்கறீங்க? அன்னிக்கு அந்த மாடு குறுக்க வந்ததுக்கும் நீங்களா பொறுப்பு?"

எழுந்து போயிருக்கலாம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"மாடு வரல கண்ணு," என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். சாலை காலியாக இருந்தது. எதிரிலும் வண்டி இல்லை. மாடும் இல்லை.

"நான் பார்த்தேனே. கொம்பு ஒடஞ்சிருந்துச்சு. கண்ணு, எல்லாம் பார்த்தேன்."

"நீ தூங்கிட்டு இருந்தே."

"நீங்க?"

"நானும்."

தோளில் இருந்த கையை அவள் எடுத்தாள். வேகமாக எடுக்கவில்லை.

பாக்கியையும் சொன்னேன். முகூர்த்தத்துக்காக விடிகாலை மூன்று மணிக்கு எழுந்தது. கல்யாணச் சாப்பாடு. தேயிலை பறிக்கும் பெண்கள்தான் எங்களைச் சரிவிலிருந்து வெளியே இழுத்தார்கள். அதில் ஒருத்தி, மாடு வந்துதா சார் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்கவே இல்லை. எல்லோரும் அவர்களாகவே சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்த மிருதுளாவிடம் மாட்டைப் பற்றிச் சொன்னது அவள் அம்மா.

அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் திருப்பாமலே, மேட்டுப்பாளையத்தில் டீக்கடையில் தான் சாவி கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

இருக்கிறது. இரண்டு முறை கேட்டாள். உங்க கண்ணு சொருகுதுங்கப்பா, குடுங்க நான் ஓட்டறேன் என்றாள். மலை ரோடு உனக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

"அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்," என்றாள். "நான் சொல்ல மாட்டேன்."

ஏப்ரல் 22

காலையில் வளர்மதியிடம் சொன்னேன். தோசைக் கல்லில் ஒரு தோசை இருந்தது. அடுப்பை அணைத்தாள். நான் முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவ சாவி கேட்டாளா?"

"ரெண்டு தடவை."

மகளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். நான் ஊரில் இல்லாத ஒரு மாதத்தில் இருவரும் கமுக்கமாகப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார்கள். தோசையை எடுத்து என் தட்டில் போட்டாள். வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள். மதியம் வரை அங்கேதான் இருந்தாள்.

ஏப்ரல் 23

தொட்டியைக் காலி செய்தேன். குழாய்க்குள் ஒட்டியிருக்கும் பாசிக்கு மருந்து ஓட்டி, இரண்டு முறை அலசி, சுவரை வினிகர் போட்டுத் துடைத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. தண்ணீர் லாரிக்குச் சொல்லியிருக்கிறேன். யாருக்காக என்று தெரியாமலேதான் சொன்னேன்.

ஏப்ரல் 26

வீட்டில் என்னைத் தவிர மற்ற இருவரும் பேசிக்கொள்கிறார்கள். சாப்பாடு வேளைக்கு வருகிறது. வளர்மதி என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முப்பது வருடம் 'ஏனுங்க' என்றவள். இப்போது கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுகிறாள்.

மிருதுளாவின் புண் காய்கிறது. டாக்டர் திருப்தி.

மே 2

காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார்கள். அங்கிருந்து வனத்துறை அலுவலகம். பலகை என் பேச்சை நம்பி வைத்தது, எடுத்துவிடலாம் என்றேன். காப்பாளர் இளம் வயது. யோசித்துவிட்டு, மாடு அங்க எப்படியும் வரும் சார், இருந்துட்டுப் போகட்டும் என்றார்.

மே 3

நேற்று நான் எங்கே போனேன் என்று மிருதுளா அம்மா மூலம் கேட்டாள். அம்மா மூலம் பதில் அனுப்பினேன்.

மே 5

கோவையில் பரிசோதனை. வாடகைக் காரில் அவர்கள் இருவரும் போனார்கள். திரும்பி வரும்போது மேட்டுப்பாளையம் சாலை வழியாகவே வரச் சொல்லியிருக்கிறாள் மிருதுளா. அந்த வளைவில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கொஞ்ச நேரம் பார்த்தாளாம். அழுதாளாம். இதை எனக்குச் சொன்னவர் டிரைவர். ஏன் சார் அழுதாங்க என்று கேட்டார்.

தண்ணீர் நிரப்பியாயிற்று. இந்த முறை அமிலம் சேராத திரவக் குளோரின். 7.4. குளோரின் 4. காரத்தன்மை 80. சயனூரிக் அமிலம் 0.

மே 9

ஜெசிந்தா வந்தார். நாலு வாரம் விட்டுப்போனதில் இடது தொடை இளைத்துவிட்டது, இனியும் தள்ளினால் நிற்பதை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். வளர்மதி தண்ணீரில் இறங்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். ஜெசிந்தா வெளியே நின்று முழங்காலைப் பார்க்க வேண்டும். உள்ளே பிடிக்க ஆள் இல்லை. அடுத்த தெருவில் யாராவது பெண் கிடைப்பாளா என்று வளர்மதி யோசித்துக்கொண்டிருந்தாள்.

நான் வழக்கம்போல மோட்டார் பக்கம் இருந்தேன்.

"அப்பா இறங்கட்டும்," என்றாள் மிருதுளா.

பத்தொன்பது நாளில் முதல் முறையாக என் காது கேட்க என்னைப் பற்றிப் பேசினாள். எனக்கு அந்தத் தொட்டியில் இறங்கிப் பழக்கமில்லை என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். மோட்டாரைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்க வேண்டாங்கப்பா," என்றாள். அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "எனக்கு இன்னும் கோவம்தான். எப்பப் போகும்னும் தெரியல. ஆனா நான் நிக்கணும். பிடிக்க ஆள் வேணும்."

வளர்மதி உள்ளே போய் என் பழைய வேட்டி ஒன்றையும் துண்டையும் கொண்டு வந்து மேடையில் வைத்தாள்.

இறங்கினேன். மூன்று மாதமாக 36 என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அது இவ்வளவு சூடு என்று தெரியாது. ஜெசிந்தா சொன்னபடி மகளுக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்தேன். அவள் கம்பியைப் பிடித்து எழுந்தாள். எலும்பு கையில் தட்டுப்பட்டது. விபத்துக்குப் பிறகு அவளை நான் தொட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கையைத் தளர்த்துங்க சார், விழப்போனா மட்டும் பிடிங்க என்றார் ஜெசிந்தா. தளர்த்தினேன். என் விரல்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு அங்குலம் தண்ணீர் இருந்தது.

எண்ண ஆரம்பித்தவர் ஜெசிந்தா. ஏழைத் தாண்டியதும் படியில் நின்றிருந்த வளர்மதியும் சேர்ந்து எண்ணினாள். பன்னிரண்டில் இடது கால் நடுங்கத் தொடங்கியது. மிருதுளா கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. பதினாலு. பதினைந்து. பதினாறு.

பதினேழில் முழங்கால் மடங்கியது.

பிடித்தேன்.